"வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" - ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நாம் ஏன் வேறு ஆளாகிவிடுகிறோம்?

"வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்காத, அல்லது இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளாத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். சென்னையில் இது 'வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?' என்று இன்னும் கொஞ்சம் காரமாக வரும். சினிமா காமெடியில் கேட்டுக் கேட்டு இதன் அர்த்தமே நமக்கு உறைப்பதில்லை. 'நீ சாகத்தான் கிளம்பி வந்திருக்கிறாய், வீட்டில் விடைபெற்றுவிட்டாயா?' என்பதுதான் கேள்வி. முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் ரோட்டைக் கடக்க இரண்டு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டார் என்பதற்காக நாம் கேட்கும் கேள்வி இது.

வேறு எங்காவது இப்படிக் கேட்போமா? தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தோளோடு தோள் இடிக்கும், காலை மிதிப்பார்கள், கட்டைப்பை முட்டியில் மோதும். 'சாரிங்க', 'பரவால்ல', 'கொஞ்சம் வழி விடுங்கம்மா' என்று கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நடக்கும் தள்ளுமுள்ளில்கூட யாரும் யாருடைய சாவைப் பற்றியும் விசாரிப்பதில்லை. அதே கூட்டத்திலிருந்து ஒருவர் பைகளை டிக்கியில் போட்டுவிட்டு, காரைக் கிளப்பி, உஸ்மான் சாலைப் பக்கம் திரும்பட்டும். அரை மணி நேரத்துக்கு முன்பு தன் காலை மிதித்தவரிடம் 'பரவால்ல' சொன்ன அதே வாயிலிருந்து, இப்போது வேறு தமிழ் வரும்.

எல்லார் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. வீட்டில் எறும்புக்கும் வழிவிடும் அப்பா, வண்டியில் ஏறினால் வேறு அவதாரம். பல குழந்தைகள் தங்கள் முதல் கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொள்வது கார் பின்சீட்டில்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்த மாற்றத்தைப் பற்றி டிஸ்னி நிறுவனம் 1950-லேயே ஒரு கார்ட்டூன் எடுத்துவிட்டது. பெயர் 'மோட்டார் மேனியா'. கூஃபி கதாபாத்திரம்தான் ஹீரோ. அவர் நடக்கும்போது 'மிஸ்டர் வாக்கர்': சாது, பறவைகளிடமும் எறும்பிடமும்கூட அன்பு காட்டுபவர். காரில் ஏறி உட்கார்ந்ததும் 'மிஸ்டர் வீலர்' ஆகிவிடுவார்: பல்லை நறநறவென்று கடிக்கும் ராட்சசன், ரோடே தன் சொத்து என்று நினைப்பவர். காரை நிறுத்திவிட்டு இறங்கினால் மறுபடியும் வாக்கர். இப்போது மற்ற வீலர்கள் அவரைத் துரத்துவார்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார். பட்டது போதும், திருந்திவிடுவார் என்று பார்த்தால், திரும்பக் காரில் ஏறியதும் பழையபடி வீலர்! முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கார் மாடல்கள்தான் மாறியிருக்கின்றன.

'ஒரு சைக்கிள் போகுது'

பள்ளியில் படித்த திணை நினைவிருக்கிறதா? மனிதர்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. இப்போது சாலையில் நாம் பேசும் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். 'முன்னாடி ஒரு சைக்கிள் போகுது பாரு', 'அந்த ஆட்டோ சிக்னல் போடாம திரும்புது', 'குறுக்கே ஒரு பைக் வந்துச்சு'. சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஆள் வாக்கியத்துக்குள் எங்கேயும் இல்லை. கூப்பிடும்போதும் 'ஏய் சைக்கிள்!', 'யோவ் ஆட்டோ!'தான். 'நீங்க' முதலில் 'நீ' ஆகிறது, 'அவர்' 'அவன்' ஆகிறார், கடைசியில் எல்லாம் சேர்ந்து 'அது' ஆகிவிடுகிறது.

இதில் நமக்கு மட்டும் விதிவிலக்கு. 'நான் பாட்டுக்குப் போயிட்டிருந்தேன், ஒரு பைக் வந்து இடிச்சிடுச்சு' என்போம். போனது என் கார் இல்லை, நான். வந்து இடித்தது மட்டும் பைக்.

வெறும் பேச்சுவழக்குதானே என்று தள்ளிவிடலாம். ஆனால், ஆஸ்திரேலியாவில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதே விஷயத்தை வேறு வழியில் போய்த் தொட்டது. குரங்கிலிருந்து மனிதன் வரை படிப்படியாக வளரும் அந்தப் பிரபலமான படம் இருக்கிறதே, அதைச் சிலரிடம் காட்டினார்கள். வேறு சிலரிடம் பூச்சியிலிருந்து மனிதன் வரை போகும் படம். 'சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதில் எந்தப் படியில் இருக்கிறார்கள்?' என்பதுதான் கேள்வி. மொத்தம் 442 பேர் பதில் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டும் பழக்கம் இல்லாதவர்களில் 55 சதவிகிதம் பேர், சைக்கிள்காரர்களை முழு மனிதர் என்ற கடைசிப் படியில் வைக்கவில்லை. இன்னும் ஆச்சர்யம், சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே 30 சதவிகிதம் பேர் அப்படித்தான் சொன்னார்கள்.

பூச்சிப் படத்தைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. அந்த ஊரில் சைக்கிள்காரர்களைக் கரப்பான்பூச்சி, கொசு என்று திட்டுவார்களாம். அதே ஆய்வில், வேண்டுமென்றே சைக்கிளை மறித்துக் காரை ஓட்டியதாக 17 சதவிகிதம் பேரும், வேண்டுமென்றே உரசுகிற மாதிரி போனதாக 11 சதவிகிதம் பேரும் ஒப்புக்கொண்டார்கள். சைக்கிள்காரர்களைக் கீழ்ப்படியில் வைத்தவர்கள்தான் இந்த வேலையை அதிகம் செய்ததாகவும் தெரியவந்தது. எதிரில் இருப்பது ஆள் இல்லை, தடை என்று மனம் முடிவு செய்துவிட்டால், கை ஸ்டியரிங்கை அதற்கேற்பத் திருப்புகிறது.

கண்ணாடியை ஏற்றினாலும் வம்பு, இறக்கினாலும் வம்பு

முகம் தெரிவதற்கும் மரியாதைக்கும் நிறைய சம்பந்தம் இருக்கிறது. கூட்டத்தில் இடித்துக்கொண்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். புருவத்தை உயர்த்தி 'அடடா' என்கிறோம், அரைச் சிரிப்பு சிரிக்கிறோம். பாதி சண்டைகள் அந்த அரை நொடியிலேயே முடிந்துவிடுகின்றன. காருக்குள் இந்த வசதி கிடையாது. கண்ணாடி, ஏ.சி, பாட்டு. வெளியே இருப்பவர் முகம் சரியாகத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவில் 1995-ல் இதைச் சோதித்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் ஒரு கார் நகராமல் நிற்கும். பின்னால் வருபவர் மேல்கூரையைத் திறந்து மூடக்கூடிய வண்டியில் இருந்தால், அவர் எப்போது ஹாரன் அடிக்கிறார் என்று கணக்கெடுப்பார்கள். கூரையை மூடிக்கொண்டு வந்தவர்கள் சீக்கிரமாகவும், அதிக முறையும், நீட்டமாகவும் அடித்தார்கள். கூரை திறந்திருந்தவர்களுக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதல். மற்றவர்களின் கண்ணில் படுகிறோம் என்பதே ஒரு லகான்.

சரி, கண்ணாடியை இறக்கிவிட்டால் சாந்தமாகிவிடுவோமா என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ், வெயிலுக்குப் பேர்போன நகரம். 1986-ல் வெளியான ஓர் ஆய்வில் அங்கேயும் இதே போல ஒரு காரைப் பச்சை சிக்னலில் நிறுத்தி வைத்தார்கள். வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறியது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தவர்களிடம், அதாவது ஏ.சி இல்லாமல் வெந்துகொண்டிருந்தவர்களிடம், இது இன்னும் அதிகம். அக்னி நட்சத்திர மதியத்தில் ஹெல்மெட்டோடு கத்திப்பாராவில் நின்ற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஹாரனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'கொஞ்சம் வழி விடுங்க', 'பார்த்து, பின்னாடி வரேன்', 'தேங்க்ஸ்', 'போடா' என நான்குக்கும் அதனிடம் இருப்பது ஒரே ஒரு சத்தம். ஹாரனுக்கு மரியாதைப் பன்மை கிடையாது. நீங்கள் பணிவாகத்தான் அடித்திருப்பீர்கள். ஆனால், அரை அடி முன்னால் சைக்கிள் மிதிக்கும் பெரியவர் காதில் அது அதட்டலாகத்தான் விழும். அவர் திடுக்கிட்டு ஹேண்டில்பாரை ஆட்டினால், 'எப்படி ஆட்டிக்கிட்டுப் போறான் பாரு' என்ற பட்டமும் அவருக்கே.

வண்டிக்கு ஏற்ற மரியாதை

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஹாரன் அடிக்கிறோமா? இல்லை என்கிறது 1968-ல் வெளியான ஒரு பழைய ஆய்வு. கலிஃபோர்னியாவில் சிக்னலில் ஒருமுறை பளபளக்கும் புது சொகுசுக் காரை நிறுத்தினார்கள், இன்னொருமுறை ஓட்டைக் காரை. பச்சை விழுந்தும் வண்டி நகராது. ஓட்டைக் காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவிகிதம் பேர் ஹாரன் அடித்தார்கள். சொகுசுக் காருக்குப் பின்னால் 50 சதவிகிதம்தான். இரண்டு பேர் ஹாரன் அடிக்கும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல், ஓட்டைக் காரின் பம்பரில் நேராக முட்டிவிட்டார்களாம்.

இதன் மறுபக்கத்தை 2012-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஜீப்ரா கிராஸிங்கில் ஒருவர் காத்து நிற்பார். சட்டப்படி கார் நின்றாக வேண்டும். 152 கார்களைக் கவனித்ததில், மிக மலிவான ரகக் கார்களில் ஒன்றுகூட நிற்காமல் போகவில்லை. மிக விலை உயர்ந்த ரகத்தில் கிட்டத்தட்ட பாதி நிற்கவில்லை. 152 கார்களை வைத்துக்கொண்டு உலகத்துப் பணக்காரர்களையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாதுதான். ஆனாலும் நம் ஊர் ரோட்டில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அந்த வரிசை புரியும். லாரிக்குக் கார் ஒதுங்கும். காருக்கு ஆட்டோ, ஆட்டோவுக்கு பைக், பைக்குக்கு சைக்கிள். சைக்கிளுக்கும் கீழே, நடந்து போகிறவர்.

பைக் ஓட்டுகிறவர்கள் இந்த வரிசையில் விசித்திரமான இடத்தில் இருக்கிறார்கள். பஸ் உரசிவிட்டுப் போனால் அவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். அடுத்த நிமிடமே டிராஃபிக்கைத் தவிர்க்க பிளாட்பாரத்தில் ஏறி, அங்கே நடந்து போகிற அம்மாவைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். அவர் நடப்பதற்கென்று கட்டிய இடத்தில், அவரே குறுக்கே வந்தவர் ஆகிவிடுகிறார்.

சைக்கிள்களுக்குள்ளேயும் இந்தப் படிநிலை உண்டு. ஞாயிறு அதிகாலை ஈ.சி.ஆரில் லட்ச ரூபாய் சைக்கிளில், ஹெல்மெட்டும் கூலிங் கிளாஸுமாகக் கூட்டமாகப் போகிறவர்களைப் பார்த்தால் சிலருக்காவது 'சார்' என்று வாய் வரும். அதே சாலையில் திங்கள்கிழமை காலை, சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அது வருவதில்லை.

வெறும் 12 நொடி

நாம் இழப்பதுதான் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுகிய தெரு, முந்த வழியில்லை. முன்னால் ஒருவர் மணிக்கு 15 கி.மீ வேகத்தில் சைக்கிள் மிதிக்கிறார். நீங்கள் 30-ல் போக நினைக்கிறீர்கள். 100 மீட்டருக்கு அவர் பின்னாலேயே போனால் 24 நொடி. முந்திப் போனால் 12 நொடி. இழப்பு 12 நொடி. அடுத்த சிக்னலில் 90 நொடி நிற்கும்போது யாரையும் திட்ட முடியாது என்பதால், அந்தக் கோபமெல்லாம் இந்த 12 நொடிக்காரர் தலையில் இறங்குகிறது.

மனம் இதில் இன்னொரு வேலையும் செய்கிறது. நாம் ஆரஞ்சு சிக்னலில் பாய்ந்தால் 'அவசரம், குழந்தைக்கு ஸ்கூலுக்கு டைம் ஆச்சு'. எதிராளி பாய்ந்தால் 'திமிர்'. நம்மைவிட மெதுவாகப் போகிறவர் 'ஊர்கோலம் போறான்', வேகமாகப் போகிறவர் 'சாகப் போறான்'. சரியான வேகத்தில் போகிற ஒரே ஆள் நாம்தான்! 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், 'மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் டிரைவிங் திறமை எப்படி?' என்று கேட்டபோது, அமெரிக்கர்களில் 93 சதவிகிதம் பேர், ஸ்வீடன்காரர்களில் 69 சதவிகிதம் பேர், தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல் பாதியில் 50 சதவிகிதம் பேருக்குத்தான் இடம் என்பது கணக்கு. நம் ஊரில் கேட்டால் 93-ஐ முறியடிப்போம் என்றே தோன்றுகிறது.

விக் வைத்த புரொஃபசர்

சைக்கிள் ஓட்டுகிறவர் எப்படித் தெரிகிறார் என்பதைப் பொறுத்து நாம் விடும் இடைவெளி மாறுமா? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் ஆய்வாளர் இயன் வாக்கர், 2006-ல் தன் சைக்கிளில் தூரத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்திக்கொண்டு தெருவில் இறங்கினார். 2,300-க்கும் அதிகமான வண்டிகள் தன்னை முந்தியதைப் பதிவு செய்தார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 செ.மீ நெருக்கமாகப் போயின. நீளமுடி விக் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பார்த்தால் பெண் போலத் தெரிந்தபோது 14 செ.மீ கூடுதலாக விலகிப் போயின. ஆராய்ச்சிக்காக அவர் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. அந்தச் சமயத்தில் ஒருமுறை பஸ்ஸும், ஒருமுறை லாரியும் அவரை இடித்துவிட்டன. இரண்டு முறையும் ஹெல்மெட் போட்டிருந்தார்.

'அப்படியென்றால் ஹெல்மெட் வேண்டாமா?' என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த ஹெல்மெட் கணக்கை வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், ரோட்டில் மோதும் தலைக்கு சராசரிக் கணக்கு உதவாது. ஓட்டுகிறவர்கள், முன்னால் போகிறவரைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு முடிவுக்கு வந்து இடைவெளியைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் இதில் பார்க்க வேண்டும்.

பிறகு வாக்கர் குழு ஏழு விதமான உடைகளை வைத்துச் சோதித்தது. பளிச்சென்ற ஜாக்கெட், பந்தய வீரர் உடை, 'நான் கத்துக்குட்டி' என்று எழுதிய உடை என எதற்கும் பெரிய பலன் இல்லை. 'போலீஸ்' என்ற வார்த்தையும், கேமரா பதிவு செய்கிறது என்ற எச்சரிக்கையும் இருந்த உடைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது. ஆனால், என்ன போட்டாலும் 100-க்கு ஓரிருவர் 50 செ.மீக்குள் உரசிக்கொண்டுதான் போனார்கள். 'லைட் கலர் சட்டை போட்டுட்டுப் போ', 'ஓரமா போ' என்று சைக்கிள் எடுக்கும் பிள்ளைகளிடம் நாம் சொல்கிற அறிவுரை, அந்த ஓரிருவரை ஒன்றும் செய்வதில்லை.

யார் அந்த சைக்கிள்காரர்கள்?

பால் பாக்கெட் போடுகிறவர். பேப்பர் பையன். இரவு டியூட்டி முடித்து வீடு திரும்பும் செக்யூரிட்டி அண்ணன். நள்ளிரவில் கேன் கட்டிக்கொண்டு டீ விற்கிறவர். அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவி.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு ஒரு தனிக் கதையே உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலை செய்யும் பெண்களும், குவாரித் தொழிலாளர்களும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், கணவருக்கோ அண்ணனுக்கோ காத்திருக்காமல் வெளியே போய் வர முடிந்தது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி இது நாடு முழுக்கத் தெரிந்தது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-06-லிருந்து மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்துவிட்டோம். அதை ஓட்ட ரோட்டில் இடம் கொடுத்தோமா என்பது வேறு கேள்வி.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பாதி வீடுகளில் சைக்கிள் இருக்கிறது. கார் இருப்பது 100-க்கு எட்டுக்கும் குறைவான வீடுகளில். ஆனால், ரோட்டைப் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இத்தனைக்கும் ஓட்டுகிறவரின் குணம் மட்டுமே காரணமில்லை. ரோட்டின் அமைப்பு, வேகம், குடி, வெளிச்சம் என்று நிறைய இருக்கிறது. ஆனாலும் மணிக்கு 40 கி.மீ வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடுகிறது. 'அவனே ஒதுங்கிக்குவான்' என்று காலை பிரேக்கில் வைக்காமல் விட்ட அந்த ஒரு நொடிக்கு, இந்தக் கணக்கில் கட்டாயம் பங்கு உண்டு.

இன்னொரு விஷயம். நம் வீட்டு பீரோவைத் தெருவில் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஊரே கூடிக் கேள்வி கேட்கும். அதைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கார் மாதக்கணக்கில் தெருவில் நின்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதே இயன் வாக்கர், வேறு இருவரோடு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. 'மற்றவர்கள் புகையை சுவாசிக்க நேரும் நெரிசலான இடங்களில் சிகரெட் பிடிக்கக் கூடாது' என்பதை பிரிட்டனில் 75 சதவிகிதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதே வாக்கியத்தில் சிகரெட்டை எடுத்துவிட்டு காரைப் போட்டுக் கேட்டால் ஆதரித்தவர்கள் 17 சதவிகிதம். வண்டி என்று வந்துவிட்டால் நியாயத்தை அளக்கும் தராசே மாறிவிடுகிறது.

டிராஃபிக்கில் மௌன நாடகம்

இதெல்லாம் மாறாது என்று நினைத்தால், கொலம்பியாவின் பொகோட்டா நகரக் கதையைக் கேளுங்கள். 1995-ல் அங்கே மேயரானவர் அன்டானஸ் மோக்கஸ். கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியர். ஜீப்ரா கிராஸிங்கில் காரை ஏற்றி நிறுத்துகிறவர்களை என்ன செய்வது என்று யோசித்தவர், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய மௌன நாடகக் கலைஞர்களைச் சிக்னலில் இறக்கிவிட்டார். முதலில் 20 பேர், பிறகு நூற்றுக்கணக்கில். கோட்டைத் தாண்டி நிற்கும் காருக்கு முன்னால் போய் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள், கெஞ்சுவார்கள், ஓட்டுகிறவரைப் போலவே நடித்துக் காட்டுவார்கள். தெருவே சிரிக்கும். காருக்குள் இருப்பவர் அசடு வழியப் பின்னால் எடுப்பார். அதோடு, கட்டைவிரலை உயர்த்தும் படமும் தாழ்த்தும் படமும் உள்ள 3,50,000 அட்டைகளை மக்களுக்குக் கொடுத்தார். நன்றாக ஓட்டினால் ஒரு பக்கம், மோசமாக ஓட்டினால் மறுபக்கம் காட்டலாம். கத்த வேண்டாம், திட்ட வேண்டாம். அபராதத்துக்குப் பயப்படாதவர்களும் நாலு பேர் சிரித்துவிடுவார்களே என்று பயந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகத்தை அவர் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார்.

பிரிட்டன் எழுத்தில் இறங்கியது. 2022 ஜனவரியில் அங்கே சாலை விதிப் புத்தகத்தை மாற்றி, 'யாரால் அதிக ஆபத்து வருமோ, அவருக்கே அதிகப் பொறுப்பு' என்ற வரிசையை முன்னால் வைத்தார்கள். சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2017-ம் வருட மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், நடப்பவர், சைக்கிள் ஓட்டுகிறவர், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. லைசென்ஸுக்கு எட்டு போட்ட எத்தனை பேருக்கு இது தெரியும்? காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிடுகிறோம். ஒரு சைக்கிளை எப்படி, எவ்வளவு தள்ளி முந்துவது என்று நமக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

இந்த விஷயத்தில் நம் கோவைக்காரர் ஒருவரின் பங்கு பெரியது. கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையிலேயே அடங்கியது என்று நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில், நடப்பவர்களுக்காகவும் சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டிகளுக்காகவும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விதிகளை எழுதுவது அரசின் வேலை. சைக்கிளை 'அது' என்று சொல்வதை நிறுத்த அரசாணை தேவையில்லை.

இதற்கிடையே, இன்றைக்கே செய்துபார்க்க ஒரு சின்ன டெக்னிக் இருக்கிறது. சைக்கிள்களின் நாடான நெதர்லாந்திலிருந்து வந்தது. காரை ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்கும்போது, பக்கத்தில் வரும் சைக்கிளும் பைக்கும் அந்தக் கதவில் மோதி விழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் நாம் சட்டென்று திறந்துவிடுவதுதான் காரணம். நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். எனவே ஓட்டுகிறவர் வலது கைக்குப் பதிலாக இடது கையால் கதவைத் திறக்க வேண்டும். இடது கையை அவ்வளவு தூரம் நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், தலையும் கூடவே திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் நாம் மறந்தாலும் அவர்கள் விட மாட்டார்கள்: "அப்பா, அந்தக் கை இல்ல, இந்தக் கை!"